புதுப்பிப்பு: பெங்கால்ஸ் எடுத்திருக்க வேண்டியது சேஸையா, சூவெலையா?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான NFL-இன் 2021 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு 5-வது தேர்வு. பந்தை எறியும் குவாட்டர்பேக் ஜோ பர்ரோவின் முழங்கால் போன சீசனுக்குப் பிறகு ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஜமார் சேஸ் எதற்கு, டேக்கிள் (குவாட்டர்பேக்கைக் காக்கும் வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) பெனே சூவெலை எடுத்திருக்க வேண்டும் என்று முந்தைய இழையில் வாதாடியிருந்தேன். அதைத் திருத்துகிறேன்.

முதல் சீசனிலேயே சேஸ் 1,455 யார்டு, 13 டச்டவுன். ஆனால் பர்ரோ அதே சீசனில் 51 முறை சாக் ஆனார் (பந்தை எறியும் முன் வீழ்த்தப்பட்டார்), நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் டைட்டன்ஸுக்கு எதிராக மட்டும் 9 முறை. "அதனால்தான் சூவெல்" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த ஆட்டத்தில் 3 சாக் எடுத்த டைட்டன்ஸ் வீரர் ஜெஃப்ரி சிமன்ஸ் நடுவில் நின்று தாக்குபவர். பெங்கால்ஸின் ஓட்டை, காக்கும் வரிசையின் நடுவில் உள்ள கார்டு, சென்டர் இடங்களில் இருந்தது. ஓரத்தில் நிற்கும் டேக்கிள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நடுவில் உடைவதை அடைக்க முடியாது.

உண்மையான தவறு 2-வது சுற்றில்தான். 38-வது இடத்திலிருந்து 46-க்கு இறங்கி ஜாக்சன் கார்மனை எடுத்தார்கள். கிளெம்சனில் லெஃப்ட் டேக்கிளாக ஆடியவரை கார்டாக மாற்றப் பார்த்தார்கள், இடம் நிலைக்கவில்லை. கல்லூரியில் ஆடாத இடத்துக்கு ஒருவரை எடுத்தால் முதல் ஆண்டே பலன் எதிர்பார்க்கக் கூடாது.

2022-இல் சென்டர் டெட் கராஸ், கார்டு அலெக்ஸ் காப்பா இருவரையும் ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் முடிந்த வீரர்களின் சந்தை) வாங்கியே நடுவரிசையை மாற்றினார்கள். அந்த சீசனில் பர்ரோ சாக் ஆனது 41 முறை. கார்டும் சென்டரும் சந்தையில் கிடைப்பார்கள்; சேஸ் போன்ற ரிசீவர் அப்படிக் கிடைப்பது மிக அபூர்வம்.

சூவெல் டெட்ராய்டில் ஆல்-புரோ (லீக்கின் ஆண்டுச் சிறந்த வீரர்கள் பட்டியல்) ஆனார். அவர் சிறந்த டேக்கிள் என்ற என் மதிப்பீட்டில் மாற்றமில்லை.