ஊடோங் மலை ஏறியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வழிப்போக்கன்:
கம்போடியா என்றாலே எல்லாரும் அங்கோர் வாட் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் ஊடோங்கில் தொடங்குகிறேன். நோம்பென்னிலிருந்து வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர். 1618 முதல் 1866 வரை கெமர் (கம்போடிய) அரசர்களின் தலைநகரம். ‘உத்துங்க’ என்ற சமஸ்கிருதச் சொல்தான் அவர்கள் வாயில் ஊடோங் ஆகியிருக்கிறது. உயர்ந்தது என்று பொருள்.

நான் செய்த முட்டாள்தனம், உச்சி வெயிலில் ஏறியது. 509 படி! பாதி வழியில் ஒரு சிறுமி பின்னாலேயே வந்து எனக்கு விசிற ஆரம்பித்தாள். வேண்டாம் என்று கையாட்டினேன். விடவில்லை. நான் நின்றால் நின்றாள், நடந்தால் நடந்தாள். மேலே போனதும் 2000 ரியேல் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பிடிக்க மடமடவென்று இறங்கிவிட்டாள்.

மேலே அரண்மனை இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். ஒரு சுவர்கூட இல்லை. அரசர்கள் குடியிருந்தது கீழே, மரத்தால் கட்டிய மாளிகைகளில். அதெல்லாம் எப்போதோ போய்விட்டது. மலை மேல் நிற்பவை அவர்களின் அஸ்திக்குக் கட்டிய ஸ்தூபிகள். ஒன்று, 1623இல் இரண்டாம் செய் சேத்தா (ஜெயஜேஷ்டா என்று படித்தால் நமக்குப் புரியும்) தன் தந்தைக்குக் கட்டியது. இன்னொன்று, 1891இல் நொரோதோம் தன் தந்தை ஆங் துவோங்குக்குக் கட்டியது, உடம்பெல்லாம் பூ ஓடு பதித்தது. தலைநகரை நோம்பென்னுக்கு மாற்றியவரே இந்த நொரோதோம்தான். ஊரைக் காலி செய்தவர், அப்பாவுக்கு மட்டும் இங்கேயே இடம் பார்த்திருக்கிறார். மூன்றாவதில் நாலு பக்கமும் முகம். பெயர் ‘முக் ப்ரோம்’. பிரம்ம முகம்தான், வேறென்ன! 1941இல் இறந்த மொனிவோங்குக்கு உரியது.

பனங்காட்டான்:
நந்தியை விட்டுவிட்டீர்களே. மலையின் இன்னொரு பக்கத்தில் சின்னச் சன்னதி, ‘ப்ரெஆ கோ’. கோ என்றால் நம் கோமாதாவின் அதே கோ. நான் குனிந்து கும்பிட்டதைப் பார்த்து, கூட வந்த டுக்டுக்காரர் உற்சாகமாகிக் கதை சொன்னார். கெமர்களின் சாஸ்திரமெல்லாம் ஒரு தெய்வக் காளையின் வயிற்றுக்குள் இருந்ததாம். பக்கத்து லோவெக்தான் அப்போது தலைநகரம், சுற்றிலும் மூங்கில் வேலி. சியாம் படை குண்டுக்குப் பதில் வெள்ளிக்காசை மூங்கிலுக்குள் சுட்டுவிட்டுப் போனதாம். காசு பொறுக்க ஊர் சனமே வேலியை வெட்டிச் சாய்த்ததாம். லோவெக் 1594இல் விழுந்தது வரலாறு. காசும் காளையும் கதை. ஆனால் அவர் இரண்டையும் ஒரே மூச்சில், நேற்று நடந்ததுபோல் கோபத்தோடு சொன்னார்.

கொழும்புக்காரி:
நான் அங்கே போனதே வேறு காரணத்துக்கு. 1957இல் புத்த ஜயந்தியையொட்டி இலங்கையிலிருந்து போன புத்தர் தாது (அவர் உடலின் எச்சம் என்று வணங்குவது), பல காலம் நோம்பென் ரயில் நிலையத்துக்கு முன்னால் இருந்தது. 2002இல் ஊடோங்கில் புது ஸ்தூபி கட்டி அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். 2013 டிசம்பரில் அந்தப் பேழையே திருட்டுப் போய், அடுத்த பிப்ரவரியில் கிடைத்தது. அதன் முன்னால் ஒரு அம்மா வெகு நேரம் அழுதுகொண்டிருந்தார். நான் எந்த நாடு என்று சைகையில் கேட்டார். “லங்கா” என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார். நான் சைவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பனங்காட்டான்:
அக்கா, அத்தாரோஸ் விகாரை பார்த்தீர்களா? பாலி மொழியில் ‘அட்டாரஸ’ என்றால் பதினெட்டு. 18 முழ புத்தர். 1911இல் மன்னர் சிசோவத் அர்ப்பணித்ததை 1977இல், அப்போது நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜ் வெடிவைத்துத் தகர்த்தது. வலது கையும் கொஞ்சம் விலாவும்தான் மிஞ்சின. இப்போது திரும்பவும் முழு உருவமாக உட்கார வைத்திருக்கிறார்கள்.

கொழும்புக்காரி:
பார்த்தேன் தம்பி. அடிவாரத்தில் கெமர் ரூஜ் கொன்றவர்களின் எலும்புகள் வைத்த நினைவிடத்தையும் பார்த்தேன். அதைப் பற்றி எழுத வேண்டாமென்று விட்டேன்.

வழிப்போக்கன்:
நான் அதைப் பார்க்காமலே வந்துவிட்டேன். இறங்கியதும் ஊஞ்சல் கட்டின சாப்பாட்டுக் கொட்டகை ஒன்றில் படுத்துத் தூங்கிவிட்டேன். அடுத்த முறை காலை ஏழு மணிக்கே போக வேண்டும். விசிறிக்காரச் சிறுமி வருவதற்குள்.