வீணைக் கொப்பியில் ஒட்டிய என்எஃப்சி ஸ்டிக்கர்: ஐந்து பேருக்குத் திறக்கிறது, நான்கு பேருக்கு இல்லை

வெள்ளவத்தை வீணை எழுதியது:

வெள்ளவத்தையில் வீட்டோடு வீணை வகுப்பு நடத்துகிறேன். ஒன்பது பிள்ளைகள். வகுப்பில் வடிவாக வாசிப்பதை வீட்டு வாசலைத் தாண்டும்போதே மறந்துவிடுவார்கள் என்பதால், சரளிவரிசை போன்ற ஒவ்வொரு தொடக்கப் பயிற்சி வரிசையையும் நானே மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வாசித்துப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பார்த்தேன். காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் கேக்குகளுக்கும் அடியில் சரளிவரிசை புதைந்து போகிறது.

மகன் எனக்கொரு சின்ன இணையத்தளம் செய்து தந்தான். அதன் லிங்கை எழுதுவதற்குப் புறக்கோட்டையிலிருந்து என்எஃப்சி வட்ட ஸ்டிக்கர்களும் வாங்கி வந்தான், போனைக் கிட்டக் கொண்டுபோனால் உள்ளே எழுதிய லிங்கைப் போன் படித்துத் திறக்குமாம். பையில் ஸ்டிக்கரின் வகை என்டேக் 213 என்று இருந்தது. கொப்பி அட்டையில் ஒட்டினால், அம்மாவின் போனை மேலே வைத்ததும் பதிவு திறக்கும் என்றான். என் போனில் திறந்தது. எல்லாக் கொப்பியிலும் ஒட்டி அனுப்பினேன்.

அடுத்த வகுப்பில் நான்கு பேர் "ரீச்சர், ஒன்றுமே வரவில்லை" என்றார்கள். ஒரு அம்மாவிடம் ஐபோன் 8. மற்ற மூன்றும் அண்ட்ரொய்ட். இன்னொரு சிக்கலும் உண்டு. முதலில் எழுதியது தளத்தின் முகப்பு. இப்போது நேரே பாடப் பக்கத்தையே எழுதலாம் என்று பார்த்தால், இடம் போதாது என்று செயலி சொல்கிறது. ஒரு பக்கத்தின் முகவரிக்கு இடம் இல்லையா? மகன் பரீட்சைக்குப் படிக்கிறான், அவனைத் தொந்தரவு செய்ய மனமில்லை.

முதலாம் குறுக்குத் தெரு எழுதியது:

ரீச்சர், போன் திருத்துகிறவன் சொல்கிறேன். ஐபோன் 7, 8, எக்ஸ் மூன்றிலும் என்எஃப்சி உண்டு, ஆனால் ஸ்டிக்கரைத் தானாகப் படிக்காது. ஐஓஎஸ் 14 அல்லது அதற்குப் பிந்தியது இருந்தால், கட்டுப்பாட்டு மையத்தில் என்எஃப்சி பொத்தானைச் சேர்த்து, அதை அழுத்திவிட்டுத்தான் வைக்கவேண்டும். 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடக்கம் திரை ஒளிர்ந்தாலே போதும். எந்த ஐபோன் என்றாலும் முதுகை வைக்காமல் மேல்விளிம்பை வைக்கச் சொல்லுங்கள்.

அண்ட்ரொய்டில் முதலில் செட்டிங்ஸுக்குள் போய் என்எஃப்சி என்றொரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான போன்கள் பலவற்றில் அந்தப் பாகமே கிடையாது. அப்படியென்றால் கதை முடிந்தது. இருந்தால் அதைப் போட்டு, போனைத் திறந்த நிலையில் வைத்து, முதுகின் நடுப்பகுதியைக் கொப்பியில் மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். என்எஃப்சி எட்டுவது ஒரு சில சென்றிமீற்றர்தான். போன் உறைக்குள் வங்கி அட்டை வைத்திருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். என் கடைக்கு "என்எஃப்சி பழுது" என்று வரும் போன்களில் இந்த அட்டைக் கேஸ்தான் எனக்குப் பிடித்தது, கூலி வாங்கவே கூச்சமாக இருக்கும்.

கொட்டாஞ்சேனை அண்ணா எழுதியது:

ஒரு கியூஆர் அச்சடித்து ஒட்டினால் முடிகிற வேலை. எதற்கு இவ்வளவு பாடு?

தமிழ்க்குறி எழுதியது:

இடம் போதாத விடயத்துக்கு வருகிறேன். உங்கள் மகன் பக்கத்துக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருப்பார் என்று ஊகிக்கிறேன். அழகான வேலைதான், ஆனால் ஸ்டிக்கருக்கு அது கனம். முகவரிப் பட்டையிலிருந்து தமிழ் முகவரியைப் பிரதி எடுத்தால், ஒவ்வொரு தமிழ்க் குறியும் % அடையாளங்களோடு 9 ஆங்கில எழுத்தாக விரிந்துவிடும், எழுத்துக்கு ஒரு பைட் இடம் போகும். சரளிவரிசை பழகும் ராகத்தின் பெயரையும் சேர்த்து வைத்திருந்தால், "மாயாமாளவகௌளை" என்பதில் துணைக்கால், கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணினால் 12 குறி. "சரளிவரிசை"யில் 9. ஆக 21 குறிக்கு 189 பைட். 213 ஸ்டிக்கரில் உள்ளதே 144 பைட். அதே குடும்பத்தில் 215க்கு 504, 216க்கு 888. பெரியதை வாங்கச் சொல்ல மாட்டேன். தளத்தில் ஒன்று, இரண்டு என்று இலக்கத்தால் குறுகிய முகவரி வைத்து, அங்கிருந்து தமிழ்ப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். நாளைக்குப் பதிவை மாற்றினாலும் ஸ்டிக்கரைத் தொட வேண்டியதில்லை.

லொக் செய்கிற பொத்தானைப் பார்த்துக் கவனம். அழுத்தினால் பிறகு ஒருக்காலும் மாற்றி எழுத முடியாது. தங்கையின் கல்யாணத்துக்கு 60 ஸ்டிக்கரில் மண்டபத்தின் வரைபட லிங்கை எழுதி, லொக் செய்த பிறகுதான் ஒரு எழுத்து விட்டுப்போனதைக் கண்டேன். அந்த அறுபதும் இன்னும் லாச்சியில் கிடக்கின்றன.

வெள்ளவத்தை வீணை எழுதியது:

ஊகம் சரி, பக்கத்தின் பெயர் மாயாமாளவகௌளை சரளிவரிசையேதான்! நல்லவேளை, நான் லொக் செய்யவில்லை. மகன் படிப்புக்கு நடுவில் பத்து நிமிடம் தந்தான், இலக்க முகவரி வேலை செய்கிறது.

நால்வரின் கதை இது. ஐபோன் 8 பொத்தானை அழுத்தியதும் திறந்தது. ஒருவரின் உறைக்குள் அட்டை இருந்தது, அதுவும் வங்கி அட்டைதான். ஒருவரின் போனில் என்எஃப்சியே இல்லை, அவருக்காக ஸ்டிக்கர் பக்கத்தில் கியூஆர் ஒட்டிவிட்டேன் (கொட்டாஞ்சேனை அண்ணா, சந்தோஷமா?). ஆனாலும் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கமெராவைத் திறந்து குறிபார்ப்பதைவிடக் கொப்பியில் போனை வைப்பது சுலபம், அதை நான் கண்ணால் பார்த்தேன்.

நான்காமவர்தான் என்னைக் குழப்பியது. போனில் எல்லாம் சரி, என் கொப்பியில் வைத்தால் திறக்கிறது, அவள் கொப்பியில் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியபின், அவள் அப்பா கொப்பிக்கு மினுங்கும் வெள்ளித் தாளால் உறை போட்டிருக்கிறார்! உறையைக் கழற்றியதும் பாடியது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு வருகிறார்கள். ஸ்டிக்கர் தாங்குமா?

முதலாம் குறுக்குத் தெரு எழுதியது:

உலோகத் தாள் அலையை மறித்துவிடும், ரீச்சர். அந்தப் பிள்ளைக்கு உறை வேண்டுமானால் சாதாரணக் காகிதத்தால் போடச் சொல்லுங்கள். மழைக்குக் காகித ஸ்டிக்கர் ஊறி உரியும், மேலே அகலமான செலோடேப் ஒட்டிவிடுங்கள். தண்ணீரைவிட மடிப்புத்தான் மோசம். உள்ளே மெல்லிய சுருள் ஒன்று ஓடுகிறது, அது முறிந்தால் அவ்வளவுதான். அட்டையின் நடுவில் ஒட்டுங்கள், முதுகு மடிப்புப் பக்கம் வேண்டாம்.