பழைய எனாமலின் மேல் அடித்த பெயிண்ட் உரிகிறது, உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். வீட்டைப் புதுப்பித்தபோது கழற்றிய தேக்குக் கதவின் பலகைகளைக் கொண்டு, எங்கள் 2 வயது மகளுக்காக நானும் என் மனைவியும் தாழ்வான புத்தக அலமாரி ஒன்றைச் செய்தோம். அதற்கு அடித்த நீர்சார்ந்த அக்ரிலிக் பெயிண்ட், மூன்றே வாரத்தில் விளிம்புகளிலிருந்து உரியத் தொடங்கிவிட்டது. நகத்தால் கீறினால் ஒரு விரல் நீளத்துக்குத் தோல் போலச் சுருண்டு வருகிறது. அடியில் கதவுக்கு முன்பே அடித்திருந்த பழைய பச்சை எனாமல் (எண்ணெய் சார்ந்த பளபளப்பான பெயிண்ட்) பளபளப்புக் குறையாமல் அப்படியே இருக்கிறது.

முதலில் சோப்புநீரால் துடைத்து, இரண்டு நாள் உலரவிட்டு, 2 கோட் அடித்திருந்தோம். உரிந்த பிறகு, ஒரு பக்கத்தை மட்டும் 220 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்த்து, நீர்சார்ந்த மரப் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) பூசி மீண்டும் அடித்துப் பார்த்தோம். அந்தப் பக்கம் சற்றுத் தாமதமாக, ஆனால் அதேபோல உரிந்தது. பழைய எண்ணெய் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், தூசி கிளம்பும்படி உலர்வாகத் தேய்க்கவோ, சூடேற்றிச் சுரண்டவோ மனம் வரவில்லை. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயது அவளுக்கு.

இப்போது அலமாரியைத் துணி போர்த்திப் பூட்டிய அறையில் வைத்திருக்கிறோம். மகளோ தினமும் அந்த அறைக் கதவைத் தட்டி, "என் அலமாரி" என்கிறாள்.

பழைய எனாமலைச் சுரண்டி எடுக்காமலேயே அதன் மேல் உறுதியாகப் பிடித்து, குழந்தையின் கை படும் இடத்தில் நிலைத்து நிற்கக்கூடிய பிரைமர் எந்த வகை?