பதிவைத் திருத்த எத்தனை நிமிடம் விடலாம்?

வேலிக்காரன்:
எங்கள் இணைய மன்றம் பிஎச்பிபிபி (phpBB) 3.3 என்ற மன்ற மென்பொருளில் ஓடுகிறது. திருத்தக் காலவரம்பு இப்போது 0, அதாவது வரம்பே இல்லை. இதில் இரண்டு தொல்லை. கேள்வி கேட்டவர்கள் பதில் கிடைத்ததும் முதல் பதிவைத் துடைத்துவிட்டு ஒரு புள்ளி மட்டும் வைத்துப் போய்விடுகிறார்கள்; கீழே உள்ள பதில்கள் எதற்கானவை என்றே புரிவதில்லை. இன்னொன்று, பழைய பதிவுகளுக்குள் விளம்பர இணைப்புகள் முளைக்கின்றன. வரம்பு வைத்தாலோ, மாதக்கணக்கில் கையேட்டுத் திரிகளை (ஒரே தலைப்பின் கீழ் வரும் பதிவுத் தொடர்களை) புதுப்பித்து வருபவர்களுக்குக் கை கட்டிவிடும். எத்தனை நிமிடம் வைப்பது? கையேடுகளுக்கு மட்டும் விலக்கு தர வழி உண்டா?

ஆணிவேர்:
நிர்வாகப் பலகத்தில் ஜெனரல் → போஸ்ட் செட்டிங்ஸ் → லிமிட் எடிட்டிங் டைம். அலகு நிமிடம். 60 வைக்கச் சொல்வேன். எழுத்துப்பிழை கண்ணில் படுவது பெரும்பாலும் பதிவிட்ட சில நிமிடங்களுக்குள்தான்.

எண்ணைப் போடுமுன் இதைக் கவனியுங்கள்: கடிகாரம் ஓடத் தொடங்குவது பதிவிட்ட நேரத்திலிருந்து, கடைசியாகத் திருத்திய நேரத்திலிருந்து அல்ல. ஆகவே சேமி பொத்தானை அழுத்திய கணமே பழைய பதிவுகள் எல்லாம் ஒரே அடியாகப் பூட்டிக்கொள்ளும். முன்கூட்டி அறிவிப்புத் திரி போட்டு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்.

அந்தப் புள்ளி வைப்பதற்கும் காரணம் உண்டு. பதில் வந்துவிட்டால், கடைசிப் பதிவு அல்லாத தன் பதிவைச் சாதாரண உறுப்பினர் நீக்க முடியாது. நீக்க வழியில்லாதவர் துடைக்கிறார். பிஎச்பிபிபி பழைய வடிவங்களைச் சேமிப்பதில்லை என்பதால் துடைத்தது போனதுதான். காப்புப் பிரதியிலிருந்து எடுத்தால் உண்டு.

சுழியம்:
60 நிமிடம் துடைப்பதை முழுதாகத் தடுக்காது. சுறுசுறுப்பான மன்றத்தில் பதில் 10 நிமிடத்தில் வந்துவிடும், மீதி 50 நிமிடம் அவர் கையில். முக்கியமான திரிகளில் மட்டுறுத்துநர் (பதிவுகளைக் கண்காணிப்பவர்) முதல் பதிவைத் திருத்தத் திறந்து, கீழே உள்ள 'லாக் போஸ்ட்' கட்டத்தைக் குறியிட்டுச் சேமிக்கட்டும். காலவரம்பு மிச்சமிருந்தாலும் எழுதியவரால் பிறகு தொட முடியாது. என் கணக்குக்கு 30 போதும்.

விளம்பரக்காரர்களுக்கு எதிராக வரம்பு நன்றாகவே வேலை செய்யும். அவர்கள் வழி இதுதான்: "நல்ல தகவல், நன்றி" என்று ஒரு வரி போடுவது, சில வாரம் கழித்து அதற்குள் இணைப்பைச் செருகுவது. திருத்தினால் திரி மேலே வராது, யாருக்கும் அறிவிப்பும் போகாது. அதனால்தான் கண்ணில் படுவதில்லை. ஆனால் கையொப்பத்தை, அதாவது ஒருவருடைய பதிவுகளின் அடியில் தானாக வரும் வரிகளை, மறந்துவிடாதீர்கள்! அதை எப்போது மாற்றினாலும், கையொப்பம் இணைத்த பழைய பதிவுகள் எல்லாவற்றின் கீழும் புதிய இணைப்பு தோன்றும். திருத்த வரம்பு அதைத் தொடாது. 'நியூலி ரெஜிஸ்டர்டு யூசர்ஸ்' (புதிதாகச் சேர்ந்தவர்கள்) குழுவுக்குக் கையொப்ப அனுமதியை 'நெவர்' (ஒருபோதும் இல்லை) ஆக்குங்கள். அந்தக் குழுவிலிருந்து வெளியேற இயல்பாக 3 பதிவு போதும், அதையும் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்.

வேலிக்காரன்:
பூட்டும் கட்டம் இருப்பது தெரியாது, நன்றி. கையேடு விஷயம்?

ஆணிவேர்:
பிஎச்பிபிபியில் இந்த வரம்பு மன்றம் முழுமைக்கும் ஒன்றுதான். நீட்சி (கூடுதல் நிரல்) எதுவும் போடாமல் பிரிவுக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று என்று வைக்க முடியாது. மட்டுறுத்துநருக்கான 'பதிவுகளைத் திருத்தலாம்' அனுமதி உள்ளவரை வரம்பு கட்டுப்படுத்தாது, அதுதான் ஒரே சந்து. கையேடுகளுக்குத் தனிப் பிரிவு திறந்து, எழுதுபவர்களை ஒரு குழுவாக்கி, அந்தப் பிரிவில் மட்டும் அந்த ஒரு அனுமதியைக் கொடுங்கள். அங்கே அவர்கள் மற்றவர் பதிவையும் திருத்த முடியும் என்பதால், கேள்வி பதிலுக்கு வேறு பிரிவு காட்டிவிடுவது நல்லது.

நிழல்கிளி:
மென்பொருள் மாற்றும் எண்ணம் இருந்தால்: ஜென்ஃபோரோவில் இந்த நிமிடக் கணக்கு அனுமதிப் பட்டியலிலேயே வருகிறது, குழுவுக்கும் பிரிவுக்கும் தனித்தனியாக வைக்கலாம். ஒருவர் இரண்டு குழுவில் இருந்தால் பெரிய எண் செல்லும். 'எனக்கு மட்டும் வரம்பு ஏன் வேலை செய்யவில்லை' என்ற குழப்பம் பெரும்பாலும் இதனால்தான். டிஸ்கோர்ஸில் புதியவர்களுக்கு இயல்பாக 1440 நிமிடம், நம்பிக்கை நிலை (உறுப்பினர் பங்களிக்கப் பங்களிக்க உயரும் படி) 2 முதல் 43200, அதாவது 30 நாள். பழைய வடிவங்களும் சேமிக்கப்படுவதால் துடைத்தாலும் மீட்கலாம். பதிவை விக்கியாக (மற்றவர்களும் திருத்தக்கூடிய பதிவாக) மாற்றினால் வரம்பே கிடையாது, கையேட்டுக்கு அதைவிடச் சுலபம் வேறில்லை.

எந்த எண் வைத்தாலும் இரண்டைச் செய்யுங்கள். பிஎச்பிபிபியில் நேரம் சரிபார்க்கப்படுவது திருத்தப் பெட்டியைத் திறக்கும்போது மட்டுமல்ல, அனுப்பும்போதும்தான். வரம்பு 30 என்றால், 29-ஆம் நிமிடத்தில் திறந்து 31-ல் அனுப்பினால் பிழைச்செய்திதான் வரும், எழுதியது போய்விடலாம். நீண்ட திருத்தமானால் அனுப்புமுன் நகலெடுத்து வைக்கச் சொல்லி விதிகளில் ஒரு வரி சேருங்கள். அடுத்தது, தொலைபேசி எண், முகவரி போன்றவற்றைத் தவறிப் போட்டவருக்கு நேரம் கடந்தபின் ஒரு வழி வேண்டும்: புகார் பொத்தானில் அதற்கென ஒரு காரணம் சேர்த்துவிடுங்கள். மட்டுறுத்துநர் அதை எடுக்கும்போது, கீழே யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். மூலத்தைத் திருத்தினாலும் மேற்கோளில் உள்ள எண் அப்படியே நிற்கும்.