புதுப்பிப்பு: ஸ்டேஷன் கூட்டக் கணக்கில் நான் சறுக்கிய இடம்

போன மாதம் இங்கே ஒரு யோசனை எழுதியிருந்தேன். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை, திருச்செந்தூர் போகும் ரயில் பாதைகளில், ஒவ்வொரு ஸ்டேஷனைச் சுற்றியும் 800 மீட்டருக்குள் (பத்து நிமிட நடை) உள்ள வீடு, கடை, பள்ளிக்கூடங்களை எண்ணினால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கணித்துவிடலாம் என்றேன். சிலர் சிரித்தீர்கள். சிரித்தது சரிதான்.

திருச்செந்தூரிலேயே கணக்கு கவிழ்ந்தது. முருகனைப் பார்க்க வரும் கூட்டத்துக்குப் பக்கத்து வீடுகளை எண்ணி என்ன பயன்? போதாததற்கு அது கடைசி ஸ்டேஷன், சுற்றுப்பட்டு ஊர்களும் அங்கேதான் வந்து ஏறும். இரண்டையும் தனித்தனிக் காரணிகளாகச் சேர்த்துவிட்டேன்.

அப்புறம் சேரன்மகாதேவி. வாழையிலைக் கட்டோடு பஸ்ஸுக்கு நின்ற ஆச்சியிடம், ரயிலில் போகலாமே என்றேன். "டவுன் பஸ்ஸு ஓசில்லா ய்யா. ரயிலு நா நெனச்ச நேரத்துக்கா வருது?"

ஒரே மூச்சில் இரண்டு காரணிகள்! 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அது என் பட்டியலிலேயே இல்லை. இன்னொன்று, ஒரு நாளைக்கு எத்தனை ரயில் என்பது. அதைச் சேர்ப்பதில்தான் சிக்கல். கூட்டம் இருந்தால்தான் ரயில் விடுவார்கள், ரயில் விட்டால்தான் கூட்டம் வரும். எது முதலில் என்று இந்தக் கணக்கு சொல்லாது.

சரி, போன மாதக் கணக்கின் அட்டவணையை யாரும் எடுத்தாள வேண்டாம்.