பதில்: கிரிட், போல் பொசிஷன், ரவுண்டு – தமிழ்ல என்னன்னு எழுதலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

கார் ரேஸ் சொல்லுக்கெல்லாம் தமிழ்ல என்ன எழுதலாம்னு இந்த இழை நீளமா ஓடிட்டிருக்கு, நான் இப்பதான் உள்ள வரேன், அதனால ஒவ்வொரு மடலுக்கும் தனித்தனியா பதில் போடாம மொத்தமா எழுதிடுறேன். 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித் டீம் அவங்க பிரிவுல மூணாவது வந்தப்போ எங்க வீட்டுல ரேஸ் பக்கமே எட்டிப் பார்க்காதவங்க கூட கிரிட்னா என்ன, க்வாலிஃபையிங்னா என்னன்னு கேட்டாங்க. (கிரிட்னா ரேஸ் தொடங்க கார்கள் நிக்கற வரிசை, க்வாலிஃபையிங்னா யாரு எங்க நிக்கணும்னு முடிவு பண்ண முன்னாடி நடக்கற தகுதிச் சுற்று, போல் பொசிஷன்னா பொதுவா அந்த வரிசையில முதல் இடம்.) சொல்லு வேணும்ங்கறதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல. ஆனா ரேஸ் விதியில ரெண்டு வேற விஷயமா இருக்கறத நம்ம சொல்லு ஒண்ணாக்கிடக் கூடாது, இந்தக் குழுமத்துல நான் சண்டை போடறது அது ஒண்ணுக்குத்தான்.

> போல் பொசிஷன் = துருவ நிலை. சில இடங்கள்ல ஏற்கெனவே புழங்குது, அதையே வெச்சுக்கலாமே?

ஐயா, தயவு செஞ்சு வேண்டாம். துருவம்னா பனிக்கரடிதான் ஞாபகம் வரும். இந்த போல் குதிரைப் பந்தயத்துலேர்ந்து வந்தது, உள்பக்க வேலி ஓரமா இருக்கற கம்பம், அதை ஒட்டி நிக்கற குதிரைக்கு வளைவுல ஓட வேண்டிய தூரம் குறைச்சல். அதுக்காக ‘கம்ப நிலை’ன்னும் எழுத முடியாது. கார் ரேஸ்ல கம்பமும் இல்ல, பல டிராக்குல முதல் கார் உள்பக்கத்துல நிக்கறதும் இல்ல.

இன்னொருத்தர் ‘போல்’னே விட்டுடலாம்னு சொல்லியிருந்தார். பேசறதுக்கு சரி. ஃபார்முலா 1 டிரைவர் ஒருத்தரைப் பத்தி எழுதிப் பாருங்க: “வெர்ஸ்டப்பன் போல் எடுத்தார்”. படிக்கறவன் ‘வெர்ஸ்டப்பன் மாதிரி’ன்னுதான் படிப்பான், அப்புறம் யாரு என்னத்த எடுத்தான்னு தேடுவான். அதனால ஒண்ணு முழுசா போல் பொசிஷன்னு எழுதணும், இல்ல வேற சொல்லு வேணும்.

வேற சொல்லு தேடறதுக்கு முன்னாடி போல் பொசிஷன்னா என்னன்னு நாம முடிவு பண்ணிக்கணும், இழையில இதை யாரும் தொடவே இல்ல. எல்லாரும் ‘முதல்ல நிக்கற இடம்’னு எடுத்துக்கிட்டு பேசறோம், அது பாதிதான் உண்மை. ஃபார்முலா 1ல 2012 மொனாக்கோ ரேஸை எடுத்துக்கோங்க, க்வாலிஃபையிங்ல வேகமா ஓட்டினது சூமாக்கர், ஆனா அதுக்கு முந்தின ஸ்பெயின் ரேஸ்ல புரூனோ சென்னாவை பின்னால போய் இடிச்சதுக்கு 5 இடம் பின்னால போகணும்னு தண்டனை இருந்துச்சு, அதனால ஆறாவதா நின்னார், போல் பொசிஷன் வெப்பர் கணக்குல ஏறிடுச்சு. சரி, அப்போ முதல்ல நிக்கறவனுக்குத்தான் போல்னு வெச்சுக்கலாமான்னா, 2022 பிரேசில் அதுக்கு நேர் எதிர். வெள்ளிக்கிழமை க்வாலிஃபையிங்ல, ஈரத்துல காய்ஞ்சும் காயாமலும் இருந்த ஒரு இடைவெளியில ஹாஸ் டீமோட மேக்னுசன் ஒரு லேப் (டிராக்கை ஒரு தடவை சுத்தறது) போட்டார், உடனே ரசல் கார் சரளைக் கல்லுல மாட்டி ரெட் ஃபிளாக் காட்டி நிறுத்தினாங்க, திரும்ப மழை, வேற யாராலயும் அந்த நேரத்தை முறியடிக்க முடியல. போல் பொசிஷன் மேக்னுசனுக்கு. ஆனா சனிக்கிழமை ஸ்பிரின்ட்ல (முந்தின நாள் நடக்கற குட்டி ரேஸ், ஞாயித்துக்கிழமை யாரு எங்க நிக்கணும்னு அப்போ அதுதான் முடிவு பண்ணுச்சு) ரசல் ஜெயிச்சார், மேக்னுசன் எட்டாவது, ஞாயித்துக்கிழமை முதல்ல நின்னது ரசல், போல் பொசிஷன் எடுத்தவர் எட்டாவதா நின்னு முதல் லேப்லயே ரிக்கார்டோவோட மோதி வெளியே போயிட்டார்.

அதுக்கு முந்தின வருஷம் விதியே வேற. 2021ல ஸ்பிரின்ட் ஜெயிக்கறவனுக்குத்தான் போல் கணக்கு, இங்கிலாந்து சில்வர்ஸ்டோன் டிராக்குல வெள்ளிக்கிழமை வேகமா ஓட்டினது ஹேமில்டன், கணக்குல ஏறினது வெர்ஸ்டப்பனுக்கு. ஹேமில்டனோட 104 போல் பொசிஷன்ல அந்த வெள்ளிக்கிழமை சேர்த்தி இல்ல. இதுக்கு ரசிகர்கள் எவ்ளோ கத்தினாங்கன்னு பார்த்தவங்களுக்குத் தெரியும், அடுத்த வருஷமே மாத்திட்டாங்க.

ஆக இங்க மூணு விஷயம் இருக்கு. வேகமா ஓட்டினவன் ஒருத்தன், முதல்ல நிக்கறவன் ஒருத்தன், ரெக்கார்டு புத்தகத்துல பேரு ஏறுறவன் ஒருத்தன். முக்கால்வாசி நேரம் மூணும் ஒரே ஆளு, அதனாலதான் குழப்பம் வெளிய தெரியறதில்ல. என் யோசனை: முதல்ல நிக்கற இடத்துக்கு ‘தலைக்கட்டம்’. வேகமா ஓட்டினதுக்குத் தனிச்சொல் வேண்டாம், ‘தகுதிச் சுற்றில் முதல்’னு எழுதினாலே புரியும். ரெக்கார்டுல ஏறுற அந்தப் பெருமைக்கு மட்டும் ‘போல் பொசிஷன்’னு முழுசா விட்டுடலாம், ஏன்னா அது எஃப்ஐஏ (ரேஸ் விதி போடற உலக அமைப்பு) எந்த வருஷம் எப்படி வரையறுக்குதோ அப்படி, நாம பேரு வெச்சு கட்டிப்போட முடியாது. “போல் பொசிஷன் மேக்னுசனுக்கு, தலைக்கட்டத்தில் ரசல்” – எழுதிப் பார்த்தா ஒரு குழப்பமும் இல்ல. (தலைக்கட்டம்னு சொன்னதும் ‘தல ரசிகரா நீங்க’ன்னு ஒருத்தர் தனிமடல்ல கேட்டார். அஜித்தே 2021ல அப்படிக் கூப்பிட வேண்டாம்னு சொல்லிட்டார்ங்க, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.)

‘முதற்கட்டம்’ ஏன் இல்லன்னா, முதற்கட்ட வாக்குப்பதிவு, முதற்கட்ட விசாரணை, அந்தச் சொல்லு ஏற்கெனவே வேற வேலை பாத்துட்டிருக்கு.

> கட்டம்னா கிரிட் முழுசுக்குமா, ஒரு காருக்கா?

ஒரு காருக்குத்தான். ரோட்டுல வெள்ளை பெயின்ட்ல கோடு போட்டிருப்பாங்க, ஃபார்முலா 1ல ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 8 மீட்டர், வலது இடதா மாறி மாறி. பாண்டி ஆட்டம் மாதிரி கோட்டுக்கு வெளிய போனா அவுட்டு. 2023 ஜெட்டாவுல அலோன்சோ காரை கட்டத்துல கொஞ்சம் இடதுபக்கமா தள்ளி நிறுத்தினதுக்கு 5 செகண்ட் தண்டனை, அதுக்கு முந்தின பஹ்ரைன் ரேஸ்ல ஓகானுக்கும் இதே கதைதான். அப்ப ‘கட்டம்’ங்கறது சும்மா உருவகம் இல்ல, டிரைவர் ஹெல்மெட்டுக்குள்ளேர்ந்து எட்டிப் பார்த்து தேடற நிஜமான கோடு.

கிரிட் முழுசுக்கும் ‘தொடக்க வரிசை’. இதுக்கு ஒரு தடை வந்தது, ஃப்ரண்ட் ரோ, செகண்ட் ரோ எல்லாம் கூட வரிசைதானே, எப்படிப் பிரிப்பீங்கன்னு. நியாயமான கேள்வி. 1950 மே மாசம் சில்வர்ஸ்டோன்ல நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப் ரேஸ்ல நாலு, மூணு, நாலுன்னு நிறுத்தினாங்க, முன்னாடி நாலும் ஆல்ஃபா ரோமியோ: ஃபரீனா, ஃபாஜியோலி, ஃபாஞ்சியோ, பார்னெல். அமெரிக்காவோட இன்டி 500 ரேஸ்ல இன்னிக்கும் 33 கார், மும்மூணா 11 ரோ. இதையெல்லாம் தமிழ்ல சொல்லணும்னா ரோவுக்குத் தனிச்சொல் கண்டிப்பா வேணும். பத்தாம் வகுப்பு கணக்குல படிச்சதை மறந்துட்டோமே, அணிகள் பாடத்துல நிரை, நிரல்னு ரெண்டு வருமே. நிரைன்னா ரோதான். “33 கார்கள், 11 நிரைகள்”, “முன்நிரையில் நான்கு ஆல்ஃபா ரோமியோ”. இலங்கை நண்பர்களுக்கும் இது பழகின சொல்லுதான்னு நினைக்கிறேன். கிரிட்டுக்கே ‘அணி’ன்னு போடலாம்னு ஆசை வரும், ஆனா ரேஸ்ல அணின்னா டீம்.

தகுதிச் சுற்று பத்தி பெருசா சண்டை வேண்டாம். ஃபார்முலா 1ல இப்ப அது தகுதி பாக்கறது இல்ல, இடம் பிடிக்கறதுதான், ஏறக்குறைய எல்லாருமே ரேஸ் ஓட்டுவாங்க. ஆனா 1989ல 39 கார் வந்து 26 கட்டத்துக்கு அடிச்சுக்கிட்டாங்க, இன்டியில இப்பவும் 33க்கு மேல வந்தா வீட்டுக்குத்தான், 2019ல அலோன்சோவையே அனுப்பிட்டாங்க. அந்தச் சொல்லுக்குள்ள வரலாறு இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். மொனாக்கோவுல 1933க்கு முன்னாடி குலுக்கல்ல இடம் குடுத்தாங்க, அதை மட்டும் யாரும் தகுதிச் சுற்றுன்னு எழுதிடாதீங்க.

எனக்கு இதையெல்லாம் விட பெரிய தலைவலி ‘சுற்று’தான். லேப்புக்கும் சுற்று, ரவுண்டுக்கும் (சீசன்ல ஒவ்வொரு ஊர்லயும் நடக்கறது) சுற்று, க்வாலிஃபையிங்கும் தகுதிச் சுற்று, ஃபார்மேஷன் லேப்பும் (ரேஸ் தொடங்கறதுக்கு முன்னாடி வரிசையா ஓட்டறது) ஏதோ ஒரு சுற்று. “ஐந்தாவது சுற்றில் விலகினார்”னு பேப்பர்ல படிச்சா அவன் அஞ்சாவது லேப்ல காரை ஓரங்கட்டினானா, சீசனோட அஞ்சாவது ரேஸ்ல விலகினானா? லேப்புக்கு சுற்றை விட்டுக் குடுத்துடலாம், அதுதான் உண்மையிலயே சுத்தறது. ரவுண்டுக்கு ‘பந்தயம்’ போதும், ‘சீசனின் ஐந்தாவது பந்தயம்’. ஆனா ஃபார்முலா 2 (ஃபார்முலா 1க்கு அடுத்த கீழ்ப்படி) மாதிரி ஒரே ரவுண்டுல ரெண்டு ரேஸ் இருக்கற இடத்துல இது உதைக்கும், அங்க ரவுண்டுக்கு ‘களம்’னு சொல்லிப் பாக்கலாம், ஒரு களத்துல ரெண்டு பந்தயம். க்வாலிஃபையிங்கோட க்யூ1, க்யூ2, க்யூ3 எல்லாம் முதல் பகுதி, ரெண்டாம் பகுதி, அவ்ளோதான்.

சீசனுக்கு ‘பருவம்’னு ஒருத்தர் அழுத்தமா எழுதியிருந்தார். பருவமழை வாசனை அடிக்குதுங்க. ‘ஆண்டு’ம் ஆகாது, மின்சார கார் ஓட்டற ஃபார்முலா இ 2024 டிசம்பர்ல சாவ் பாலோவுல ஆரம்பிச்சு 2025ல முடிஞ்சுது. சீசன்னே எழுதலாம், குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சுடுச்சுன்னு சொல்றவங்கதானே நாம, அது எப்பவோ நம்ம சொல்லு ஆயிடுச்சு.

கேலண்டருக்கு ‘பந்தய அட்டவணை’, அதுல யாருக்கும் தகராறு இருக்காது. 1950ல 7 ரேஸ், 2024ல 24, அட்டவணை பெருத்ததுனால புதுசு புதுசா வார்த்தை வந்துடுச்சு. டிரிபிள் ஹெடர்னு ஒண்ணு, மூணு வாரம் தொடர்ந்து மூணு ஊர்ல ரேஸ், 2018ல பிரான்ஸ், ஆஸ்திரியா, பிரிட்டன்னு முதல்தடவை வெச்சப்போ மெக்கானிக்குங்க எல்லாம் தூக்கமில்லாம செத்தாங்க. இதுக்கு ‘மூவாரத் தொடர்’ நல்லாருக்கு. டபுள் ஹெடர்ல கவனம். ஃபார்முலா இயில அது ஒரே டிராக்குல சனி ஒண்ணு ஞாயிறு ஒண்ணு, ஃபார்முலா 1ல அடுத்தடுத்த ரெண்டு வாரம். முதலாவதுக்கு ‘இரட்டைப் பந்தயம்’, ரெண்டாவதுக்கு ‘ஈர்வாரத் தொடர்’. 2020ல ரெட் புல் ரிங்ல ஜூலை 5, ஜூலை 12ன்னு ஒரே டிராக்குல அடுத்தடுத்த வாரம் நடந்துச்சு, அதுவும் ஈர்வாரத் தொடர்தான், இரட்டைப் பந்தயம் இல்ல.

சம்மர் பிரேக்க ‘கோடை விடுமுறை’ன்னு எழுதறத நிறுத்தணும். அது ஆகஸ்ட்ல வருது, நமக்கு ஆகஸ்ட்ல என்ன கோடை, ஆடிக் காத்து வேணா அடிக்கும். அதோட டீம் ஃபேக்டரி கட்டாயமா 14 நாள் மூடணும்னு விதியே இருக்கு, அது விடுமுறையும் இல்ல, நிறுத்தம். ‘ஆகஸ்ட் நிறுத்தம்’.

கடைசியா ரிவர்ஸ் கிரிட். ‘புரட்டு வரிசை’ன்னு பார்த்ததும் சிரிச்சுட்டேன், புரட்டுன்னா பித்தலாட்டம், பொறுக்கமாட்டாத டீம் ஓனருங்க வேணா அப்படிச் சொல்லலாம். ‘தலைகீழ் வரிசை’ போதும். ஃபார்முலா 2 ஸ்பிரின்ட்ல தகுதிச் சுற்றோட முதல் 10 பேரை மட்டும் திருப்புவாங்க, பத்தாவது வந்தவன் தலைக்கட்டத்துல நிப்பான், போல் பொசிஷன் எடுத்தவன் அஞ்சாவது நிரையில பத்தாவது கட்டத்துல நிப்பான். மேல சொன்ன எல்லாச் சொல்லும் இந்த ஒரு வாக்கியத்துல தாங்குதான்னு பாருங்க, தாங்கலன்னா எது உடையுதுன்னு எழுதுங்க.

டிரைவருக்கு ‘சாரதி’ன்னு யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது எனக்குப் புடிச்சிருக்கு, மாட்டு வண்டிப் பந்தயத்துல எங்க பக்கமும் சாரதிதான். ஓட்டுநர்னா பஸ் ஞாபகம் வருது. பார்க் ஃபெர்மேக்கு (காரை டீம் கைவைக்காம பூட்டி வெக்கற இடம்) மட்டும் எனக்கு ஒண்ணும் தோணல, ‘பூட்டிய களம்’ வரைக்கும் வந்து நிக்குது, யாராவது கைகுடுங்க.