ஐப்பசி மழைக்கு முன் புறவாசல் குளம்: பார்த்ததையும் பட்டதையும் சொல்லுங்கள்

சேரன்மகாதேவியிலிருந்து

புரட்டாசி பாதி தாண்டிவிட்டது. இந்தச் சனிக்கிழமை புறவாசல் குளத்தில் இறங்கப் போகிறேன். இந்த மாதத்தில்தான் ஆளாளுக்கு வாளியும் மண்வெட்டியுமாக நிற்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து குளத்தை அடி வரைக்கும் வழித்து எடுத்துவிடாதீர்கள்.

ஆறு வருஷத்துக்கு முன் நான் அதைச் செய்தேன். எட்டுக்கு ஆறு அடி சிமெண்ட் குளம், இரண்டரை அடி ஆழம், ஒரு மூலையில் அல்லி. மழைக்கு முன் சுத்தமாக இருக்கட்டும் என்று மோட்டார் வைத்து மொத்தத் தண்ணீரையும் இறைத்தேன். அடியில் கிடந்த சகதியைத் தென்னை மூட்டில் கொட்டினேன். சுவரில் இருந்த பாசியைப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். அன்றைக்கே குழாய்த் தண்ணீரை நிரப்பி மீன்களைத் திருப்பி விட்டேன். மறுநாள் காலையில் பதினான்கு மீன்கள் செத்து மிதந்தன. குழாய்த் தண்ணீரின் குளோரின் போக ஒரு நாளாவது திறந்து வைத்திருக்க வேண்டும். அதை விடப் பெரிய தவறு, மீன் கழிவைச் சரிசெய்து தண்ணீரைத் தெளிவாக வைத்திருந்த நுண்ணுயிர்கள் எல்லாம் அந்தச் சகதியிலும் பாசியிலும்தான் இருந்தன. அவற்றை என் கையாலேயே வழித்து எறிந்திருக்கிறேன்.

சாயங்காலம் தென்னை மூட்டுக்குப் போனேன். காயத் தொடங்கிய சகதியில் ஏழெட்டுப் பூச்சிகள் கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தன. சகதி நிறம், துருத்திய கண், சிறகு இருக்க வேண்டிய இடத்தில் சின்ன மொட்டு. தட்டானின் இளம்பருவம். தண்ணீருக்கடியில் கொசுப்புழுவைத் தின்று வளர்கிற உயிர் அது. ஆச்சி பார்த்துவிட்டு, “தட்டான் தாழப் பறந்தா மழைன்னு சொல்லுவோம், பறக்கதுக்கு முன்னாடியே காய வச்சுட்டியேய்யா” என்றாள். இப்போதும் அது காதில் இருக்கிறது.

இப்போதெல்லாம் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீருக்கு மேல் இறைப்பதில்லை. சகதியில் பாதிதான் எடுப்பேன். எடுத்ததையும் ஒரு ராத்திரி குளத்து விளிம்பிலேயே சரிவாக வைத்துவிடுவேன். உள்ளே இருப்பவற்றில் பெரும்பாலானவை தாமாகவே தண்ணீருக்கு இறங்கிவிடும். அப்புறம்தான் தென்னைக்கு.

குளிர் நாடுகளில் குளத்தின் மேல் தண்ணீர் உறைந்துவிடும், அடியில் சேரும் கெட்ட காற்று வெளியேற ஒரு இடத்தைத் திறந்து வைப்பார்கள். நமக்கு மார்கழியிலும் அந்தக் கவலை இல்லை. நமக்குக் குளிர்காலம் என்றால் வடகிழக்கு மழைதான். அதனால் நம் வேலை வேறு. பெரிய குளத்துக்கு மிஞ்சின தண்ணீர் வெளியேற மறுகால் இருக்கிற மாதிரி, விளிம்புக்கு நாலு விரல் கீழே இரண்டு அங்குலக் குழாய் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் வாயில் கொசுவலை கட்டினால் முருங்கைச் சருகு ஒட்டி அரை மணி நேரத்தில் அடைத்துக்கொள்கிறது. ஓட்டை பெரிதாக உள்ள பழைய பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துக் கட்டியதிலிருந்து தொந்தரவு இல்லை. குளத்துக்குள்ளே ஒரு தென்னை மட்டையைச் சாய்த்து வைத்திருக்கிறேன். செங்குத்தான சிமெண்ட் சுவரில் தேரைக் குஞ்சுகள் ஏற முடியாமல் செத்துப்போகும். அணில் விழுந்தாலும் அதற்கும் அதுதான் வழி.

இனி என் அனுபவம். இரண்டு வருஷம் முன்பு, ஐப்பசியில் விடாமல் தூறிய ஒரு ராத்திரி. டார்ச் அடித்துப் பார்த்தால், குளத்தின் மேல் சாய்ந்திருந்த கொய்யாக் கிளையில் மரத்தவளை ஜோடி ஒன்று. பெரிய பெண் தவளையின் முதுகில் சின்ன ஆண். பின்கால்களால் மெதுவாக, தயிர் கடைகிற மாதிரி அடித்து அடித்து நுரை எழுப்பிக்கொண்டிருந்தன. காலையில் ஆரஞ்சுப் பழ அளவில் வெள்ளை நுரைக்கூடு. மேல்புறம் காய்ந்து மஞ்சளாகி, தொட்டால் பொருக்கு மாதிரி இருந்தது. உள்ளே ஈரம். ஐந்தாம் நாள் சாயங்காலம் கூட்டின் அடி நெகிழ்ந்து, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகச் சொட்டுச் சொட்டாகக் குளத்தில் விழுந்தன. அந்தக் கிளை குளத்தின் மேல் இடைஞ்சலாக இருக்கிறது என்று அதற்கு முந்தின வாரம்தான் வெட்ட நினைத்திருந்தேன். மழைக்கு முன் கிளை கழிப்பவர்கள், தண்ணீருக்கு நேர் மேலே ஒன்றிரண்டையாவது விட்டுவையுங்கள்.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து

அண்ணாச்சி, சகதி பற்றிச் சொன்னீர்கள். எங்கள் தோட்டத்துக் குளம் மண் குளம். கோடையில் வற்றியபோது கரம்பை வெட்ட இறங்கினோம். மண்வெட்டி எதிலோ ‘டொக்’ என்று பட்டது. கல் என்று நினைத்துக் கையால் தோண்டினால் ஆமை. ஓட்டின் விளிம்பில் ஒரு நகக்கண் அளவு பெயர்ந்திருந்தது, மற்றபடி உயிரோடுதான் இருந்தது. தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடந்து மழைக்கு எழுந்து வருமாம், அப்பா சொன்னார். நிழலில் ஈரச் சாக்குப் போட்டு வைத்திருந்து, வேலை முடிந்ததும் வெட்டாத பக்கத்தில் விட்டோம். பக்கத்து வயல்காரர் கேட்டார், கொடுக்கவில்லை. பிடித்து வைத்துக்கொள்வதும் விற்பதும் 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம் என்று சொன்னோம். ஐப்பசியில் குளம் பெருகியதும் கரையில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு மிதந்தது. ஓட்டில் அந்தப் பெயர்ந்த இடத்தை வைத்து அடையாளம் தெரிந்தது.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். குளம் எது தெரு எது என்று தெரியவில்லை. வடிந்த பிறகு பார்த்தால் நான் வளர்த்த கெண்டைகள் ஒன்றுகூட இல்லை, ஆனால் சிலேபி ஐந்தாறு இருந்தன, மீசை வைத்த பெரிய கெளுத்தி ஒன்றும் இருந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தி, வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன். அந்த மழைக்காலம் முழுக்க ஒரு தலைப்பிரட்டைகூட மிஞ்சவில்லை. அந்த மீன்களை வலை போட்டுப் பிடித்து முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. மறுகால் எவ்வளவு வைத்தாலும் அப்படிப்பட்ட தண்ணீரை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வெள்ளம் வடிந்ததும் குளத்தில் என்ன வந்து சேர்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து

அண்ணாச்சி, எங்களுக்கு மாடியில் தொட்டிதான், கைக்குழந்தை இருக்கிறது. டெங்கு பயமாக இருக்கிறது. கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விடலாமா?

சேரன்மகாதேவியிலிருந்து

அம்மா, கம்பூசியா வேண்டாம். வெளிநாட்டு மீன், கொசுப்புழுவோடு தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்னும். நம் வாய்க்கால்களிலேயே நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி ஒரு சின்ன மீன் மேலாக நீந்தும், அதில் நாலைந்து போதும். டெங்குக் கொசு பெரும்பாலும் வருவது தொட்டியைச் சுற்றிக் கிடக்கும் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, பழைய டயரில் இருந்து. முட்டை தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும், அதனால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டிக்கு உறுதியான கம்பி வலை மூடியும் போட்டுவிடுங்கள், குழந்தை தவழ ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று. நாலு நாள் தொடர்ந்து மந்தாரமாக இருந்தால் விடியற்காலை எழுந்து பாருங்கள். வெயில் இல்லாததால் பாசி தண்ணீருக்குப் போதுமான பிராணவாயு தராது, மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். குடத்தில் மொண்டு உயரத்திலிருந்து பத்துப் பதினைந்து தடவை ஊற்றுங்கள், மீன் தெளிந்துவிடும். அந்த நாட்களில் தீனி போட வேண்டாம்.

இன்று காலை சாம்பல் வாலாட்டிக் குருவி வந்துவிட்டது. வருஷா வருஷம் மழைக்கு முன் எங்கிருந்தோ வடக்கிலிருந்து வந்து தை, மாசி வரைக்கும் இருக்கும். தென்னை மட்டையின் நுனியில் நின்று வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே தண்ணீரைப் பார்த்தது. அதனால் சனிக்கிழமை அந்த மட்டையை மட்டும் அசைக்காமல் வேலை பார்க்க வேண்டும்.